பச்சை எரிந்தால் பாஸ்

புதன்கிழமையும் சனிக்கிழமையும் சாயங்காலம் ஐந்து மணி ஆனால் எங்கள் கட்டடத்துப் படிக்கட்டில் எறும்பு நுழைய இடம் இருக்காது. வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு கேபிள். சிலர் அதைச் சுருட்டி நெஞ்சோடு அணைத்திருப்பார்கள். சிலர் கைக்குட்டையில் பொதிந்து வைத்திருப்பார்கள். ஒருவர் கேபிள்மேல் இன்னொருவர் கேபிள் பட்டுவிட்டால் போச்சு. "பார்த்து வாங்க சார், உங்க தோஷம் எனக்கு ஒட்டிக்கப் போகுது" என்று ஒரு பட்டதாரி இன்னொரு பட்டதாரியைக் கடிந்துகொண்டதை என் இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன்.

நான் அந்தப் படிக்கட்டுக்குக் கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். லிஃப்ட் இல்லாத கட்டடம் என்பதால் ஏறுகிறவர், இறங்குகிறவர், பாஸானவர், கோட்டை விட்டவர் எல்லோரும் என் முகத்தில் விழித்துத்தான் ஆகவேண்டும்.

மூன்றாவது மாடியில் நெட்வொர்க் பயிற்சி நிலையம். கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று எப்படி இணைப்பது, இணைத்தது அறுந்தால் எங்கே தேடுவது என்று ஆறு மாதம் சொல்லிக் கொடுத்துக் கடைசியில் ஒரு பரீட்சை வைப்பார்கள். பாஸானால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் நல்ல வேலை. ஆனால் கேபிளைத் தூக்கிக்கொண்டு வருகிற கூட்டம் மூன்றாவது மாடி வரைக்கும் போகாது. முதல் மாடியிலேயே நின்றுவிடும். அங்கேதான் லைட்டு வாத்தியார் இருந்தார்.

வாத்தியார் ஒரு காலத்தில் மூன்றாவது மாடியில் லேப் உதவியாளர். அந்தப் பரீட்சையை ஐந்து முறை எழுதினார். ஐந்து முறையும் பரீட்சைதான் ஜெயித்தது. ஆறாவது முறை எழுதுவதற்குப் பதிலாக இரண்டு மாடி கீழே இறங்கி ஞானம் பெற்றுவிட்டார். மனிதன் தோற்றால் ஒன்று திருந்துகிறான், இல்லாவிட்டால் குறி சொல்ல ஆரம்பிக்கிறான்.

"படிச்சா மட்டும் போதுமா? மேல இருந்து லைன் வரணும். உங்களுக்கு வருதா இல்லையான்னு நான் பார்த்துச் சொல்றேன்" என்பார்.

பார்க்கிற முறை இப்படி. மேஜையில் கறுப்பு வெல்வெட் துணி. அதன்மேல் இருபத்துநான்கு துளைகள் உள்ள தட்டையான இரும்புப் பெட்டி. நெட்வொர்க்காரர்கள் அதை சுவிட்ச் என்பார்கள். ஒவ்வொரு துளைக்கும் மேலே கடுகளவு விளக்கு. பக்கத்தில் சிவப்புத் துணி போர்த்திய இன்னொரு பெட்டி. அதன் பெயர் விதிப்பெட்டி. துணியை விலக்கிப் பார்த்தால் கண் போய்விடுமாம். நீங்கள் பயிற்சியின் முதல் வாரத்தில் உங்கள் கையாலேயே முனை கட்டிய கேபிளைக் கொண்டுவர வேண்டும். ஒரு முனையை நீங்கள் சுவிட்சில் சொருக வேண்டும். மறுமுனையை வாத்தியார் சிவப்புத் துணிக்குள் கைவிட்டுச் சொருகுவார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். மூன்று எண்ணுவதற்குள் விளக்கு எரியும்.

பச்சை எரிந்தால் பாஸ். ஆரஞ்சு எரிந்தால் தோஷம். எதுவுமே எரியாவிட்டால் வாத்தியார் எழுந்து வந்து தோளைத் தட்டி, "வேற தொழில் யோசிங்க தம்பி" என்பார்.

தோஷத்துக்குப் பரிகாரம் இல்லாமலா? காணிக்கைப் பணத்தையும் கேபிளையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும், மூன்று நாளைக்கு. திரும்பி வந்து சொருகினால் ஆரஞ்சு பச்சையாகியிருக்கும். கூட்டம் வாயைப் பிளக்கும். ஆனால் அதோடு ஓடிப்போய்ப் பரீட்சை எழுதிவிடக் கூடாது. பச்சையான கேபிள் நாற்பது நாள் கையில் ஊறவேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் கேபிளை இடது கையில் பிடித்துக்கொண்டு பாடப் புத்தகத்தைப் படிக்கவேண்டும். நாற்பது நாள், தினமும் இரண்டு மணி நேரம் படித்தால் யார்தான் பாஸாக மாட்டார்கள்? பாஸானார்கள். பேர் மட்டும் கேபிளுக்குப் போயிற்று. அப்படியும் தவறியவரிடம் வாத்தியார் ஒரே கேள்விதான் கேட்பார்: "வீட்ல யாராவது கேபிளைத் தாண்டினாங்களா?" எந்த வீட்டில் தாண்டாமல் இருப்பார்கள்?

ஊரைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன யோக்கியம். என் ஜெராக்ஸ் மெஷின் அடிக்கடி தாளை மெல்லுகிறது என்று வாத்தியாரிடம் ஒரு தாயத்து வாங்கி அதன் கழுத்தில் கட்டினேன். கேபிள் முனையில் மாட்டுகிற பிளாஸ்டிக் துண்டைக் கறுப்புக் கயிற்றில் கோத்தது. அன்றிலிருந்து மெஷின் இரண்டு இரண்டு தாளாக மென்றது.

இந்தக் கூத்தில் என் அண்ணி வந்து மாட்டிக்கொண்டார்.

அண்ணி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பதினான்கு வருஷமாக டெலிபோன் ஆபரேட்டர். அந்தப் பழைய டெலிபோன் போர்டைக் கழற்றப் போகிறார்கள். மேலதிகாரி எட்டு மாசத்துக்கு முன்பே கூப்பிட்டுக் கெடு வைத்துவிட்டார்: இந்த மாசக் கடைசிக்குள் நெட்வொர்க் சான்றிதழோடு வந்தால் புது அறையில் இடம் உண்டு, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். அண்ணி நாற்பத்திரண்டு வயதில் மூன்றாவது மாடி ஏறினார். முதல் முறை இரண்டு மார்க்கில் தவறினார். இரண்டாவது பரீட்சை வருகிற வெள்ளிக்கிழமை. அதை விட்டால் அடுத்த தேதி மாசம் பிறந்த பிறகுதான்.

என் அண்ணன் தையல்காரர். முப்பது வருஷமாகக் கழுத்தில் டேப் தொங்குகிறது. கல்யாணப் போட்டோவில்கூட அதைக் கழற்றவில்லை. ஊருக்கே அளவெடுப்பவர், வாத்தியாரை மட்டும் அளக்காமலே நம்பிவிட்டார். பரீட்சைக்கு ஆறு நாள் இருக்கும்போது, சனிக்கிழமை, அண்ணியை விடாப்பிடியாக முதல் மாடிக்கு இழுத்துப் போனார்.

எரிந்தது ஆரஞ்சு.

"பலமான தோஷம்மா. வெள்ளிக்கிழமை பக்கமே போகாதீங்க. நாற்பது நாள் கழிச்சு எழுதுங்க" என்றார் வாத்தியார்.

இறங்கி வந்து என் கடை ஸ்டூலில் இருவரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"தேதியை மாத்திடுவோம். புதன்கிழமை ராத்திரி வரைக்கும் மாத்தலாமாம்" என்றார்.

"நாற்பது நாள் கழிச்சு சர்டிஃபிகேட் வாங்கி என்னங்க பண்ணறது? மடிச்சு ஜன்னலுக்கு முட்டுக் கொடுக்கறதா?"

"போன தடவை ரெண்டு மார்க் போனதுக்கே மூணு நாள் சாப்பிடாம கிடந்தே. இன்னொரு தடவை உன்னை அப்படிப் பார்க்க என்னால முடியாது."

அண்ணன்மேல் கோபப்படவும் முடியாது, அந்த மனிதருக்கு அவ்வளவு பிரியம். பிரியம் இருக்கிற இடத்தில்தான் இந்த மாதிரி வாத்தியார்கள் பாய் விரிக்கிறார்கள்.

அண்ணி மடியில் இருந்த கேபிளைப் புரட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "தம்பி, அந்தப் பூதக்கண்ணாடியைக் கொடுங்க" என்றார். தேய்ந்த கையெழுத்துகளைப் படிக்க நான் வைத்திருப்பது. கேபிள் முனையை அதற்கடியில் பிடித்தார்.

"எட்டுக் கம்பி இருக்கா, எண்ணுங்க."

எண்ணினேன். எட்டு இருந்தது. ஆனால் கடைசிப் பழுப்புக் கம்பி மற்றவைபோல முனைவரை வரவில்லை. அரிசி நுனி அளவு பின்னாலேயே நின்றுவிட்டது.

"என் கை வேலைதான். முதல் வாரம் கட்டினது, ஒண்ணும் தெரியாம கட்டினேன்" என்று அண்ணி சிரித்தார். "எட்டும் தொட்டாத்தான் முழு வேகம், பச்சை. ஒண்ணு தொடலேன்னாலும் வேகம் பத்துல ஒரு பங்காயிடும், ஆரஞ்சு. இதை மூணாம் நாளே சொல்லிக் கொடுத்தாங்க தம்பி. நான் நோட்டுல எழுதிக்கூட வச்சிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பாடத்தை வாரம் நாற்பது பிரதி எடுத்துக் கொடுப்பவன் நான். கேட்டவர்கள் எல்லோரும் படித்தவர்கள். பரீட்சையில் இதே கேள்வி வந்தால் சரியாக விடை எழுதுகிறவர்கள். எழுதிவிட்டு இரண்டு மாடி இறங்கி வந்து அதே விளக்கின் முன்னால் கைகூப்பி நிற்கிறார்கள். நம் ஜனங்களுக்குப் படிப்பு மூன்றாவது மாடியில் பத்திரமாக இருக்கிறது, படிக்கட்டில் இறங்குவதில்லை.

"அப்போ இப்பவே முனையை மாத்திடுங்க அண்ணி."

"மாத்தினா எனக்குப் பச்சை எரியும். உங்க அண்ணன் என்ன சொல்வார்? தோஷம் தானா போச்சும்பார்" என்ற அண்ணி திரும்பி, "என்னங்க, இந்தக் கேபிளைப் பரிகாரத்துக்குக் கொடுத்துடலாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து எழுதிக்கோங்க" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான். எந்தத் துணி வந்தாலும் அளந்து எழுதிக்கற மனுஷன்தானே நீங்க."

தொழில் மரியாதையைத் தொட்டால் அண்ணன் மறுக்கமாட்டார். அளந்தார். எழுபத்திரண்டு அங்குலம். சட்டை அளவு நோட்டில் மனைவி பெயருக்கு நேராக எழுதிக்கொண்டார். அண்ணி கைப்பையைத் திறந்து, முனையின் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் கடுகளவு ஒரு பொட்டு வைத்தார். கேபிள் பரிகாரத்துக்குப் போயிற்று.

புதன்கிழமை வந்தது. அன்றைக்குக் கூட்டம் வழக்கத்தைவிட ஜாஸ்தி, வெள்ளிக்கிழமை பரீட்சை ஆயிற்றே. நான் கடையைப் பாதி மூடிவிட்டு மேலே போனேன். அண்ணன் சட்டைப்பையில் போனை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார், முடிந்ததும் தேதியை மாற்றுவதற்கு. அண்ணியின் முறை வந்தது. வாத்தியார் கேபிளை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார். அண்ணி சொருகினார். வாத்தியார் முணுமுணுத்தார். எரிந்தது பச்சை. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"பார்த்தீங்களாம்மா, தோஷம் விலகிடுச்சு. இனிமே நாற்பது நாள் கையில ஊறவிடுங்க."

"ரொம்ப சந்தோஷம் வாத்தியாரே" என்ற அண்ணி கேபிளைப் பிடுங்கி அண்ணனிடம் நீட்டினார். "என்னங்க, அளங்க."

அண்ணன் பழக்க தோஷத்தில் அளந்தார். டேப்பைப் பார்த்தார். மறுபடி அளந்தார். நோட்டை எடுத்துப் புரட்டினார். அவர் நெற்றி சுருங்கியது.

"எழுபதுதான் இருக்கு. எழுபத்திரண்டு எழுதியிருக்கேன்."

"சக்தி ஏறினா கேபிள் சுருங்கும்" என்றார் வாத்தியார், கண் இமைக்காமல்.

முன் வரிசையில் நாலு பேர் ஆமோதித்துத் தலையாட்டினார்கள். அதில் ஒருவர் உடனே தன் கேபிளை விரலால் ஜாண் போட ஆரம்பித்தார், தனக்கு எவ்வளவு சக்தி ஏறியிருக்கிறது என்று பார்க்க. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆனால் வாத்தியார் அன்றைக்குத் தப்பான ஆளிடம் வாயை விட்டுவிட்டார்.

"சுருங்கினா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்கணும்" என்றார் அண்ணன், மெதுவாக. "கையில வாங்கினா தெரியும். இது சுருங்கலை. கச்சிதமா ரெண்டு அங்குலம் குறையுது. முப்பது வருஷமா வெட்டறவன் நான். சுருங்கினது எது, வெட்டினது எதுன்னு எனக்குத் தெரியாதா? இது கத்தரி பட்ட கேபிள் வாத்தியாரே."

கதவோரம் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தவர், அந்தக் கட்டடத்தைப் பெருக்குகிற அக்கா. இத்தனை நாளாக யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை. கேட்காவிட்டாலும் அவர் பேசினார்.

"அந்த வெட்டின துண்டுங்களா? இந்த ரூம் குப்பைக்கூடையில தினமும் கிடக்குமே. பல்லு மாதிரி இருக்கும், பின்னாலே வால் மாதிரி கொஞ்சம் வயர் ஒட்டிக்கிட்டு இருக்கும். நேத்து கூட்டினது மூட்டை கட்டி மாடிப்படிக்குக் கீழேதான் வச்சிருக்கேன். குப்பை வண்டி நாளைக்குத்தான் வரும்."

நானே ஓடிப்போய் மூட்டையைத் தூக்கிவந்தேன். மேஜைமேல் கவிழ்த்தேன். கறுப்பு வெல்வெட்டில் முப்பது, நாற்பது கேபிள் முனைகள் கலகலவென்று விழுந்தன. அண்ணி விரலால் கிளறினார். ஒன்றை எடுத்தார். ஓரத்தில் கடுகளவு சிவப்பு நகப்பூச்சு. அண்ணன் அதை வாங்கி டேப்பில் வைத்தார். சரியாக இரண்டு அங்குலம்.

"பழைய முனையை வெட்டிப் போட்டுட்டு, புது முனையைக் கட்டிக் கொடுத்திருக்கீங்க. இதானே உங்க மூணு நாள் பரிகாரம்?" என்றார் அண்ணி.

வாத்தியார் லேசுப்பட்டவரா. "முனை மாத்தறது உடம்புக்கு. பச்சை எரியறது அவங்கவங்க யோகத்துக்கு. யோகம் இல்லாதவன் புதுக் கேபிள் சொருகினாலும் எரியாது" என்றார்.

கூட்டம் மறுபடி ஊசலாடியது. அதெப்படி, யோகம்னு ஒண்ணு இருக்கில்ல, என்று யாரோ முனகினார்கள். நாற்பது முனை கண்முன்னால் கிடக்கிறது. அப்படியும் ஆசை விடவில்லை.

"சரி, இப்போ நான் குறி சொல்றேன்" என்றார் அண்ணி. சேலையைச் செருகிக்கொண்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போனார். வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற பெண்ணைக் கூப்பிட்டார். அவளை எல்லோரும் 'ரேங்க்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். போன சனிக்கிழமை அவளுக்குப் பளிச்சென்று பச்சை எரிந்திருந்தது. அண்ணி பையிலிருந்து வேறொரு கேபிளை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இதுல ஒரு கம்பியை நானே வெட்டி வச்சிருக்கேன். ஆரஞ்சுதான் எரியும் பாருங்க. சொருகும்மா."

ரேங்க்கு சொருகினாள்; மறுமுனையை அண்ணி சிவப்புத் துணிக்குள் சொருகினார். ஆரஞ்சு எரிந்தது.

"இவளுக்கா யோகம் இல்லை?" என்று கேட்டுவிட்டு, அண்ணி பெருக்குகிற அக்காவிடம் கையை நீட்டினார். "அக்கா, அந்தத் துடைப்பத்தைக் கொஞ்சம் கொடுங்க. இப்போ பச்சை எரியும்."

தன் எழுபது அங்குலக் கேபிளைத் துடைப்பக் கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றினார். துடைப்பத்தை மேஜைமேல் சாய்த்து, அதன் 'கையாலேயே' முனையைச் சுவிட்சில் சொருகினார். மறுமுனையைச் சிவப்புத் துணிக்குள் விட்டார். ஒன்று, இரண்டு, மூன்று.

பச்சை. முத்துப்போல, ஆடாமல் அசையாமல் எரிந்தது.

முதலில் சிரித்தது பெருக்குகிற அக்கா. பிறகு ரேங்க்கு. பிறகு அந்தக் கூடம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "துடைப்பம் பாஸ்" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "நாற்பது நாள் ஊறணும்பா" என்றார் இன்னொருவர். அந்தச் சிரிப்பில் அண்ணி சிவப்புத் துணியைச் சுண்டி இழுத்தார். யார் கண்ணும் போகவில்லை. உள்ளே இருந்தது மேஜைமேல் இருந்ததைப் போலவே இன்னொரு சுவிட்ச், ஒரு பக்கம் துருப்பிடித்தது.

வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். யாரும் அவரை அடிக்கவில்லை. சிரிக்கிறவனுக்கு அடிக்கத் தோன்றாது. பணம் கொடுத்தவர்கள் மட்டும் வரிசையாக நின்று வாங்கிக்கொண்டார்கள்; நானும் என் தாயத்தோடு நின்றேன்.

"அப்போ நீங்க முணுமுணுத்தது என்ன மந்திரம்?" என்று ரேங்க்கு கேட்டாள்.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "பழுப்பு, வெள்ளைப் பழுப்பு, பச்சை, வெள்ளை நீலம்... கம்பி கட்டற கலர் வரிசைம்மா. பின்னாலேருந்து சொல்வேன்."

அண்ணி அவர் கட்டிய புது முனையை, என் கடையிலிருந்து எடுத்துவந்திருந்த பூதக்கண்ணாடியில் பார்த்தார். எட்டுக் கம்பியும் ஒரே கோட்டில், நூல் பிடித்தமாதிரி இருந்தன. "கை நல்ல கைதான். மேல இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் தேடறாங்க. விதிப்பெட்டியை மூடிட்டுப் போய்க் கேளுங்க" என்றார். வாத்தியார் போய்க் கேட்டதாகத்தான் கேள்வி. இப்போது முதல் வாரக் கேபிள்கள் எல்லாம் பச்சையாகவே எரிகின்றனவாம்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். தேதி மாற்றும் பக்கம் இன்னும் திறந்தபடியே இருந்தது. ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அதை மூடினார்.

"தோத்தா சாப்பிடாம கிடப்பியா?" என்று கேட்டார்.

"கிடப்பேன். நீங்க ஊட்டி விடுங்க" என்றார் அண்ணி.

அதற்கு வேலை வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை எழுதினார், பாஸானார். இரண்டு மார்க்கில் தவறியவருக்கு இந்த முறை பதினொரு மார்க் மிச்சம். பதினேழாவது கேள்வி என்ன தெரியுமா? 'வேகமான இணைப்பில் ஆரஞ்சு விளக்கு எரிகிறது; முதலில் எதைச் சோதிப்பீர்கள்?' அந்தக் கேள்வியைப் படித்ததும் ஹாலில் இருந்த பாதிப்பேர் தலையை நிமிர்த்தாமலே சிரித்தார்களாம். மேற்பார்வையாளருக்குத்தான் காரணம் புரியவில்லை. அண்ணி இப்போது ஆஸ்பத்திரியின் புது அறையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணனிடம் பழைய டேப் ஒன்றை வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார்.

பெருக்குகிற அக்காவுக்கு நான் புதுத் துடைப்பம் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தப் பழைய துடைப்பத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். படிக்கட்டுக்கு எதிரே, ஏறுகிற எல்லோர் கண்ணிலும் படும்படி என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கீழே கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். பிரதி வேண்டுமானால் கேளுங்கள், இலவசம்.

'இதற்கும் பச்சை எரிந்தது. ஆனால் இது படிக்கவில்லை, அதனால் பாஸாகவில்லை. நீங்கள் படித்தவர்கள். படித்ததை எப்போது நம்பப் போகிறீர்கள்?'